எந்தக் கறிக்கு எந்த ஒயின்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வசதியான வீட்டு விருந்துகளில் ஒரு கேள்வி எழும்: எந்தக் கறிக்கு எந்த ஒயின்? அதற்கென்று பக்குவம் இருக்கிறது. காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் நாக்கு எரியும். லேசான இனிப்பு காரத்தை அடக்கும். கொத்துக்கறியில் மசாலாவும் உலர்திராட்சையும் கலந்து, மேலே முட்டையும் பாலும் ஊற்றிச் சுடுகிற 'பொபோட்டி'க்கு, செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். காய்கறியோடு நெடுநேரம் வேகும் ஆட்டுக்கறியான 'பிரெடி'க்கு, பினோடாஜ் என்ற சிவப்பு. மசாலா போட்டு வினிகரில் ஊறிய மீனுக்குப் புளிப்பான வெள்ளை. புளிப்புக்குப் புளிப்புதான் தோது.

இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கு. இந்தக் கறியை ஆக்குன கை யாரு, இந்தக் கொடியை வளத்த கை யாருன்னு கேட்டாத்தான் பேச்சு நின்னுபோகும்.

1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் இறங்கியது. அங்கே முதன்முதலாகத் திராட்சை பிழிந்து ஒயின் எடுத்ததை, 1659 பிப்ரவரி 2 அன்று அதன் தளபதி வான் ரீபெக் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். அதே 1659-இல் தஞ்சைச் சீமையில் பஞ்சம். பீஜப்பூர்ப் படை அழித்துப்போட்ட ஊர்களில் சோத்துக்கு வழியில்லாத சனங்கள் விலைபோனார்கள். முந்தின வருசம்தான் நாகப்பட்டினத்தைப் பிடித்திருந்த அதே கம்பெனி அவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது.

சோழமண்டலக் கரை அடிமைகள் கேப்புக்கும் போனார்கள். 1808 வரை அங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது ஆய்வாளர் கணக்கு. ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து. மற்றவர்கள் மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து. பெற்றவர்கள் வைத்த பெயரும் போயிற்று. செப்டம்பர், பிப்ரவரி என்று மாதத்தின் பெயரை வைத்தார்கள். செப்டம்பர் இன்றும் அங்கே குடும்பப் பெயர்.

1685-இல் கேப்பின் தளபதி வான் டெர் ஸ்டெல்லுக்குக் கான்ஸ்டன்ஷியா பண்ணை கிடைத்தது. அதன் இனிப்பு ஒயின் பிற்காலத்தில் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போயிற்று. செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனும் குடித்தான். திராட்சைக் கொல்லையில் அடிமைகள், அடுப்படியிலும் அடிமைகள். பொபோட்டியும் பிரெடியும் அந்த அடுப்படியில் பிறந்தவை. ஊறுகாய்க்கு அங்கே இன்றும் 'அச்சார்' என்றுதான் பெயர். ஆக்கியவர்களில் பலர் முஸ்லிம்கள். தாங்கள் தொடாத மதுவுக்குத் தோதான கறியை ஆக்கிவைத்தவர்கள்.

கொல்லையில் உழைத்தவர்களுக்கு வேறு சேர்மானம். அதன் பெயர் 'டொப்'. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாளுக்குப் பல தடவை மட்டமான ஒயின், கூலியில் ஒரு பங்காக. கூலி கேட்டவன்கிட்ட குவளைய நீட்டுனான். குடிச்சவன் மறுநாளும் அங்கதான் வந்து நின்னான். 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது, டொப் ஒழியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் தடைச்சட்டம் வந்த பிறகும் 1990-கள் வரை பல பண்ணைகளில் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்தத் திராட்சைச் சீமையும் ஒன்று. குடிகார சனம் என்ற பழியும் அவர்கள் தலையில்தான்.

2012-இல் அதே சீமையின் டி டூர்ன்ஸில், உண்ணும் திராட்சை பறிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 69 ராண்டாக இருந்த குறைந்தபட்ச நாள்கூலியை 150 ஆக்கக் கேட்டார்கள். 2013 மார்ச் முதல் கிடைத்தது 105. இந்தத் தடவை கேட்டது காசு, வாங்கினதும் காசு.

எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்பது ருசி பற்றிய கேள்வி மட்டும் அல்ல. கறிக்கும் ஒயினுக்கும் ஒரே கைதான் உழைத்தது. அந்தக் கைக்கு மேசையில் இடம் இருந்ததா என்பதுதான் வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.