ரத்தத்தின் பொய்ச்சாட்சி

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தலைகாட்டி, நானூறு வருஷ காலம் அரசன் முதல் ஆண்டி வரை எவரையும் விடாமல் வாட்டிய சிபிலிஸ் என்னும் மேகநோய்க்குக் காரணமான கிருமியை, 1905ஆம் வருஷத்தில் பெர்லின் நகரத்தில் ஃப்ரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே ஆகஸ்ட் ஃபான் வாசர்மன் என்பவர், ஆல்பர்ட் நெய்ஸ்ஸர், கார்ல் ப்ரூக் ஆகிய இருவருடன் சேர்ந்து, அந்நோயைச் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே அறியும் பரீட்சையொன்றை வெளியிட்டார். புண்ணும் தடிப்பும் மறைந்த பின் பல வருஷங்கள் உடலுக்குள் ஒளிந்திருந்து, பிறகு இதயத்தையும் மூளையையும் தாக்கும் இயல்புடைய நோயை முன்கூட்டியே அறிய வழி பிறந்ததென்று உலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பரீட்சையின் அஸ்திவாரத்தில் ஒரு குறை இருந்தது. பெல்ஜிய விஞ்ஞானி ஜூல் போர்தே கண்ட தத்துவத்தை ஆதாரமாகக் கொண்ட வாசர்மன், நோயால் இறந்த சிசுவின் ஈரல் சாற்றைப் பயன்படுத்தினார். அந்தச் சாற்றிலுள்ள கிருமியையே நோயாளியின் ரத்தம் எதிர்க்கிறது என்பது அவரது அபிப்பிராயம். இரண்டொரு வருஷங்களுக்குள், நோயே இல்லாத பிராணியின் இதயச் சாறும் அதே பலனைத் தருகிறதென்று தெரியவந்தது. 1941இல் அமெரிக்காவில் மேரி பாங்போர்ன் என்னும் மாது மாட்டின் இதயத்திலிருந்து கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தபோது, பரீட்சை தேடியது கிருமியை அன்று, ரத்தத்தில் நேரும் ஒரு மாறுதலையே என்பது தெளிவாயிற்று. அந்த மாறுதலோ மலேரியாவிலும், குஷ்டரோகத்திலும், அம்மை குத்திக்கொண்ட பின் சில வாரங்களிலும்கூட உண்டாவதுதான்.

இந்தக் குறையோடு பரீட்சை ஆஸ்பத்திரியை விட்டுச் சட்டத்தின் கைக்குப் போயிற்று. மணமகன், மணமகள் இருவருடைய ரத்தமும் பரீட்சிக்கப்பட்ட பிறகே விவாக அனுமதி என்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1935இலும், நியூயார்க் 1938இலும் விதித்தன. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அந்நாட்டுச் சுகாதாரத் தலைவர் தாமஸ் பாரன் இந்நோயை ஒழிக்கப் பெரும் இயக்கமே நடத்தினார். அவருடைய நோக்கம் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், நோயாளியைச் சோதிப்பது வேறு, ஊராரையெல்லாம் சோதிப்பது வேறு. பதினாயிரம் பேர் வாழும் ஊரில் ஐம்பது பேருக்கு நோய் இருப்பதாகவும், நோயற்றவர் நூறு பேரில் ஒருவரிடம் பரீட்சை தவறுவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது பேரோடு நோயற்ற ஏறக்குறைய நூறு பேரும் பிடிபடுவார்கள்; அதாவது, நோயாளிகள் என்று முத்திரை பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் நிரபராதிகள்.

அந்த நிரபராதிகளின் மனோவேதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். சமூகத்தின் கண்ணில் சிபிலிஸ் வெறும் வியாதியன்று, ஒழுக்கத்தின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு. விவாகத்திற்கு நாள் குறித்த பிறகு வரும் ஒரு துண்டுக் காகிதத்தால் மணமகன் மணமகளையும் மணமகள் மணமகனையும் சந்தேகிக்க நேரும். தாயின் கர்ப்பத்திலேயே இந்நோய் குழந்தைக்குத் தொற்றுவதுண்டு என்பதால், குற்றமறியாதவர் தம்மைப் பெற்றவர்களையே சந்தேகிக்கவும் நேரும். பெனிசிலின் வருவதற்கு முன் சிகிச்சை என்பது ஒரு வருஷமும் அதற்கு மேலும் போடப்படும் பாஷாண, பிஸ்மத் ஊசிகள். உடலை வாட்டி, சில வேளைகளில் உயிரையே வாங்கிய அந்த ஊசிகளை நோயில்லாதவரும் ஏற்றார்கள். மறுபரீட்சையில் நோயில்லையென்று வந்த பின்னும் அமைதியடையாமல் வைத்தியர் வைத்தியராக அலைந்தவர்களும் உண்டு. நோயில்லாமலே நோய்க்கு அஞ்சும் இந்த மனநிலைக்கு மருத்துவ நூல்கள் தனிப் பெயரே இட்டிருக்கின்றன. காகிதத்தில் எழுதியதை அழிக்க மறு காகிதம் போதும். மனத்தில் பதிந்த பயத்தை அழிக்க அது போதவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது படையில் சேர வந்த லட்சக்கணக்கான இளைஞர்களின் ரத்தம் பரீட்சிக்கப்பட்டபோது, இந்தப் பிழையின் அளவு வைத்தியர்களுக்குப் புலப்பட்டது. 1949இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையைச் சேர்ந்த நெல்சன், மேயர் இருவரும் உயிருள்ள கிருமியையே வைத்துச் சோதிக்கும் முறையைக் கண்டார்கள். அதே கலாசாலையைச் சேர்ந்த ஜோசப் மூர், சார்லஸ் மோர் ஆகியோர் 1952இல் பொய் முடிவுகளின் வகைகளையும் காரணங்களையும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். நெடுநாள் பொய் முடிவு காட்டியவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் லூபஸ் என்னும் வேறொரு நோய் வெளிப்பட்டதும் தெரியவந்தது. பழிக்கப்பட்ட அந்த ரத்தம் வேறொரு துன்பத்தை முன்னறிவித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்கள்தாம் அதை ஒழுக்கக்கேடு என்று புரிந்துகொண்டார்கள்.

வாசர்மன் பரீட்சை மறைந்துவிட்டது. அதன் வழிவந்த வி.டி.ஆர்.எல். பரிசோதனை நம் ஊர்க் கர்ப்பிணிகளுக்கும் செய்யப்படுகிறது. அது நல்ல காரியம். எத்தனையோ சிசுக்களைக் காத்த காரியம். ஆனால் முதற் பரிசோதனை சந்தேகத்தை எழுப்பத்தான் வல்லது, தீர்ப்புச் சொல்ல வல்லதன்று. நோயிருப்பதாகக் காகிதம் சொன்னால், வேறு வகையான இரண்டாவது பரிசோதனை அதை உறுதிசெய்யும் வரை, கணவனிடமோ மாமியாரிடமோ சேதி போகாமல் காப்பதும், அந்தப் பெண்ணிடம் உண்மையை முழுமையாகவும் கனிவாகவும் எடுத்துச் சொல்வதும் வைத்தியரின் கடமை. அந்த இரண்டாவது பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. அதைக் கேட்க வாசகர்கள் எவரும் கூச வேண்டியதில்லை.