லிமிடெட்

வயல்களுக்கிடையே ஓடும் எல்லை வரப்பைக் குறித்த ‘லீமெஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்த இச்சொல், பங்குதாரரின் பொறுப்பு அவர் ஏற்ற பங்குத்தொகையோடு நின்றுவிடும் என்று கடன் கொடுப்போரை எச்சரிக்கும் பொருட்டு, அச்சலுகை பெற்ற கம்பெனிகளின் பெயரீற்றில் 1855ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. அந்த எச்சரிக்கையே நாளடைவில் கௌரவப் பட்டமாயிற்று என்பது விசித்திரந்தான், ஆயினும் காரணமில்லாமலில்லை. லண்டன் பூட்ஸ் வியாபாரி ஆரன் சாலமன் 1892இல் தம் தொழிலைக் கம்பெனியாக்கியபோது பிறந்தது சட்டத்தின் கண்ணில் தனியொரு நபர் என்று பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது. முதலாளி மறைந்தாலும் மறையாததும், யாரும் பார்வையிடக்கூடிய பதிவேட்டில் தன் இயக்குநர்களின் பெயரை ஒப்புவிப்பதுமான அந்நபருக்கு, சிறு ஸ்தாபனமேயாயினும், சரக்கைக் கடனாக அனுப்ப மொத்த வியாபாரி அவ்வளவாகத் தயங்குவதில்லை. பாங்குக்காரர் மட்டும் பழைய எச்சரிக்கையை மறவாதவராய், இயக்குநரின் சொந்த ஜாமீனையும் பெரும்பாலும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.