பால்வெட்டுக் கத்தியும் அதன் உறையும்



கிளமெண்டியில் அடுக்குமாடி வீடொன்றில் என் அத்தை குடியிருக்கிறார். அவர் அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றிய கத்தி ஒன்று இருக்கிறது. மாமா பல ஆண்டுகள் ரப்பர் மரம் வெட்டிய கத்தி அது. மாமா மறைந்த பின்னும், மாதம் ஒருமுறை அத்தை துணியைப் பிரித்து, எண்ணெய் தடவி, மீண்டும் சுற்றி வைக்கிறார்.

"இனி யார் அத்தை மரம் வெட்டப் போகிறார்கள்? எதற்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்தி வாயில் பல் விழுந்தால் மரத்துக்குக் காயம் என்று உங்கள் மாமா சொல்வார், ஐயா. பழகிய கை, விட முடியவில்லை" என்றார்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது? அதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் பிரேசில் நாடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்பவர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்தது. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தை வந்தடைந்தன.

கன்று வந்துவிட்டது, பால் எடுப்பது எப்படி? பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகக் காய்த்துப் போகும். சில ஆண்டுகளில் வெட்டுவதற்கு நல்ல பட்டை இராது. இப்படி மரத்தைக் கெடுத்துப் பால் எடுத்தால் தோட்டம் நிலைக்குமா?

1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஹென்றி ரிட்லி. அவர் 1890களில் செய்த சோதனைகள் புது வழி காட்டின. மரத்தைக் கொத்த வேண்டாம். சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, அடுத்தடுத்த முறைகளில் அதன் கீழ் விளிம்பை மட்டும் மெல்லியதாகச் சீவினால் போதும். பாலும் தொடர்ந்து வரும். மேலே சீவிய இடத்தில் பட்டையும் மறுபடி வளரும். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடுமாறு அவர் ஓயாமல் வற்புறுத்தினார். சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு கண்டவர்க்கெல்லாம் கொடுத்தாராம்! "பைத்தியக்கார ரிட்லி" என்று சிலர் நகைத்தார்கள். ஆயினும் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. ரப்பர் விலை ஏறியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினார்கள்.

ரிட்லி காட்டிய வழி ஒரு தாளில் எழுதிவிடக் கூடியதே. அதை நாள்தோறும் நிறைவேற்றியது தொழிலாளியின் கைதான். மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே இருப்பது மெல்லிய வளர்படலம். புதுப் பட்டையை உண்டாக்குவது அதுவே. படலத்தைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துச் சீவ வேண்டும். அதுவும் விடியுமுன், தலைவிளக்கின் ஒளியில்!

கத்தி வாயில் சிறு பல் விழுந்திருந்தால் பட்டை சீராகச் சீவப்படாமல் கிழியும். கை தன்னையறியாமல் அழுத்தும். அழுத்தினால் கத்தி ஆழப் போய்ப் படலத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் முடிச்சு விழும். மறுபட்டை வெட்டுக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அன்றைக்கு அந்த முடிச்சு குறுக்கே நிற்கும். ஒருநாள் கவனக்குறைவு, பிற்காலத்துக் கூலியில் தெரியும்.

ஆகையால் கத்தியைத் தீட்டுவது போலவே, அதைக் கொண்டுசெல்லும் முறையும் தொழிலின் ஒரு பகுதியாயிற்று. வாளிக்குள் வெறுமனே போட்டால் அதன் விளிம்பில் மோதி வாய் மழுங்கும். தீட்டுக்கல்லோடு சேர்த்து வைத்தால் உரசிக் கீறும். உறைக்குள் மணல் இருந்தாலும் கேடுதான். மணலில் உள்ள படிகக்கல் துகள் எஃகையே கீறக் கூடியது. கீறலில் ஈரம் தங்கும். ஈரம் துருவை அழைக்கும். தோலுறை நனைந்திருந்தாலும் அவ்வாறே.

இன்று மடிப்புக் கத்தி வைத்திருப்பவர்க்கும் இது பொருந்தும். சாவி, சில்லறைக் காசுகளோடு ஒரே பையில் கத்தியைப் போடாதீர்கள். தனி உறையில் வையுங்கள். உறையை அவ்வப்போது தலைகீழாகத் தட்டித் தூசியை உதறுங்கள். வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். நெடுநாள் வைப்பதானால் எண்ணெய்த் துணியே நல்லது.

அத்தையின் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் கிளமெண்டிக் காடு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ரப்பர் தோட்டம் இருந்தது. பின்னர் தோட்டம் கைவிடப்பட்டுக் காடாயிற்று. 1970களில் கிளமெண்டி புதுநகரில் அடுக்குமாடிகள் எழுந்தன. ரிட்லி சோதனை செய்த தாவரவியல் தோட்டம் 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ரிட்லியின் பெயர் நிலைத்திருக்கிறது. அவர் காட்டிய வெட்டை ஆயிரமாயிரம் மரங்களில் காயமின்றி வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய கத்தி ஒன்று கிடக்கலாம். கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள். அது யாருடைய கத்தி, எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்று ஒரு தாளில் எழுதி, அதனோடு சுற்றி வையுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல, அது போதும்.