ஹமொக்குக்குப் பெயர் இருக்கு, கயிற்றுக்கு?

போன விடுமுறையில் மலைநாட்டுப் பக்கம் காம்பிங் போன ஆறு பேரில் மூன்று பேரிடம் ஹமொக் இருந்தது. கயிறு ஒருத்தரிடமும் இல்லை. வாங்கும்போது பார்த்த படத்தில் இரண்டு மரம், நடுவில் துணி, அதில் சிரித்துக்கொண்டு ஒரு ஆள். துணி எதில் தொங்குது என்று நாங்கள் கவனிக்கவே இல்லை. பஸ்ஸில் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. இறங்கின டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் மெல்லிய வெள்ளை நைலோன் கயிறு வாங்கினோம். "இது மாட்டையே இழுக்கும் தம்பி, பயப்பிடாதைங்கோ" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய்யில்லை. கயிறு அறவில்லை. ஆனால் இரவு இரண்டடி உயரத்தில் படுத்த நண்பன், விடியும்போது ஈரப் புல்லில் முதுகு முட்டக் கிடந்தான். கயிற்றை அவிழ்த்தபோதுதான் மற்றதும் தெரிந்தது. மரப்பட்டையில் கயிறு வெட்டிப் பதிந்திருந்தது. காயத்தில் இருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது. நண்பனைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். மரத்தைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும், அடுத்த முறைக்கு என்ன கயிறு வாங்கலாம் எண்டு தேடத் தொடங்கினோம். கலைப்பீடப் பிள்ளைகள் கயிறு வாங்கப் போனாலும் 1492இல்தான் போய் நிற்போம் போல.

அந்த வருடம் ஒக்டோபர் 17ஆம் திகதி, இன்றைய பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில், அங்குள்ள மக்களின் படுக்கைகள் பருத்தியால் செய்த வலைகள் மாதிரி இருப்பதாகக் கொலம்பஸ் குறித்து வைத்தார். அவருடைய மூலக் குறிப்பேடு இன்று இல்லை. லாஸ் கசாஸ் என்ற பாதிரியார் சுருக்கி எழுதிய பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அந்த மக்கள் தாயினோ மொழிக்காரர். "ஹமாக்கா" அவர்களுடைய சொல். ஸ்பானியர் அதை அப்படியே எடுத்தார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போனது. டச்சுக்காரரும் ஜேர்மன்காரரும் "தொங்கும் பாய்" என்று பொருள்படும்படி அந்தச் சொல்லையே திருகிவிட்டார்கள். கேட்டால் சொந்தச் சொல் மாதிரித்தான் இருக்கும்.

சரி, கயிறு? 1526இல் ஒவியேதோ என்ற ஸ்பானிய எழுத்தாளர் தான் நேரில் கண்ட ஹமாக்காவைப் பற்றி விவரமாக எழுதினார். துணி பருத்தி. ஆனால் இரண்டு முனைகளிலும் நிறைய நீளமான நார்க்கயிறுகள் விரிந்து வந்து ஒன்றாகச் சேரும். அவை கபூயா, ஹெனெக்கென் போன்ற கற்றாழை மாதிரியான செடிகளின் நார். ஆக, உடம்புபடுகிற இடத்துக்கு மெதுவான பருத்தியும், பாரம் இழுக்கிற இடத்துக்கு முரட்டு நாருமாக, ஒரே படுக்கைக்கு இரண்டு பொருட்களைத் தெரிந்து எடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஹாட்வெயார் கடையில் அரை நிமிடத்தில் முடித்த விசயம் அது.

அந்தத் தாங்கு கயிறுகளுக்கும் தனிப்பெயர் இருந்தது: "ஹிகோ". கரீபியன் பக்கத்து ஸ்பானிய மொழியில் இன்றும் இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டி அதிகம் போகவில்லை. தங்கச் சுரங்கத்துக்குப் பிடித்துக் கொடுக்கப்பட்டும், புது நோய்களாலும், சில பத்தாண்டுகளுக்குள் தாயினோ சமூகங்கள் சிதைந்து போயின. முற்றாக அழிந்தார்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதும். தங்களைத் தாயினோ என்றே சொல்லிக்கொள்ளும் சந்ததியினர் இன்றும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் இருக்கிறார்கள், அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1597இல் ஆங்கிலக் கடற்படை ஹமொக்கை எடுத்துக்கொண்டது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுக்கை நேராகத் தொங்கும், பகலில் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம். பிறகு வந்த கணக்கில் ஒரு மாலுமிக்கு 14 அங்குல அகல இடம். எங்கள் விடுதி அறையைப் பற்றி இனி முறைப்பாடு சொல்லமாட்டோம். கன்வஸ் துணியின் இரு முனையிலும் பல மெல்லிய கயிறுகள் விரிந்து வந்து ஒரு வளையத்தில் சேரும். அதே ஹிகோதான், பெயர் மட்டும் இல்லை. நார் ஹெம்ப், அதாவது கஞ்சாச் செடி இனத்து நார்.

ஹெனெக்கென் நாரின் கதை வேறு பக்கம் போனது. 1880களில் அமெரிக்க வயல்களில் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரங்கள் பரவ, கட்டுக்கயிறு மலைக்கணக்கில் தேவைப்பட்டது. மெக்சிகோவின் யுகத்தான் பகுதி முழுக்க ஹெனெக்கென் தோட்டங்கள் வந்தன. மாயா மக்கள் கடனால் தோட்டத்தோடு கட்டப்பட்டார்கள். வடக்கில் இருந்து யாக்கி மக்களையும் பிடித்து அனுப்பினார்கள். ஜோன் கென்னத் டர்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் முதலீட்டாளர் வேசத்தில் உள்ளே போய்ப் பார்த்து, 1909இல் எழுதத் தொடங்கினார். மலையகத்தின் துண்டு முறை பற்றிப் படித்தவர்களுக்கு, கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைக்கும் இந்த விளையாட்டு புதுசா இருக்காது. அதே யுகத்தானில் இன்றும் வீட்டுச் சுவர்களில் ஹமொக் கொழுவக் கொக்கி வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

நார்க் கயிற்றின் காலத்தை முடித்தது நைலோன். 1938இல் அமெரிக்காவில் டூபொன்ட் கம்பனி அறிவித்தது, உலகப் போரில் பரசூட்டுக்குப் போனது. இன்று காம்பிங்காரர் கொண்டு திரியும் "பரகோர்ட்" அந்தப் பரசூட் கயிறுதான், ஏறக்குறைய 250 கிலோ தாங்கும். ஆனால் நைலோன் பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். விழுகிற ஆளை உலுக்காமல் பிடிக்க அது நல்ல குணம். இரவு முழுக்கப் படுத்துக் கிடக்கிறவனுக்கு இல்லை. எங்கள் நண்பன் பனியில் மெல்ல மெல்ல இறங்கினது இதனால்தான். 1941இல் மன்செஸ்டரில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது.

இன்னொரு பிழை எங்களுடையது. உடுப்புக் காயப்போடுற கொடி மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தோம். கயிறு கிடைமட்டத்தில் இருந்து 30 பாகை சரிந்திருந்தால், 60 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 60 கிலோ இழுவை வரும். 10 பாகைதான் சரிவு என்றால் அது 170 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் பென்சில் மொத்தமும் இல்லாத ஒரு கயிற்றால் மரத்தின் பட்டையில் இறங்கியது. மரம் தன் சாப்பாட்டைக் கீழே கொண்டுபோகிற உயிருள்ள படை, பட்டைக்கு உள்பக்கம்தான் இருக்கிறது. சுற்றிவர வெட்டுப்பட்டால் அந்த வழி அடைபடும். ஐந்து சென்ரிமீற்றர் அகலப் பட்டி என்றால் அதே பாரம் எங்கள் கயிற்றைவிடப் பத்து மடங்கு இடத்தில் பரவும்.

ஹமொக்குக்கென்று விற்கிற பட்டிகளின் விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்தோம். கடைசியில் லொறியில் சாமான் கட்டுகிற பட்டி இரண்டு வாங்கினோம். பொலியெஸ்டர், ஐந்து சென்ரிமீற்றர் அகலம், எத்தனை கிலோ தாங்கும் என்று லேபிளிலேயே போட்டிருக்கு. இரும்புப் பூட்டைக் கழற்றிவிட்டு, முனையை மடித்து, தடித்த நூலால் பல வரி தைப்பித்தோம். அப்பாவின் தும்புக் கயிற்றைப் போடலாமே என்று ஒருத்தி கேட்டாள். கடல் தண்ணிக்கே உக்காத கயிறுதான், ஆங்கிலக்காரர் கொயர் என்று சொல்வதே எங்கள் பக்கத்துக் கயிறு என்ற சொல்லில் இருந்து போனதுதான், ஆனால் அதுவும் நன்றாக நீளும்.

பட்டியையும் துணியையும் இணைக்க ஒரு முழம் பொலியெஸ்டர் கயிறும் தேவைப்பட்டது. அதற்கு எங்களிடம் பெயர் இல்லை. அடுத்த பயணத்துக்கான வட்ஸ்அப் பட்டியலில் இப்போது இப்படி இருக்கு: டோர்ச், தீப்பெட்டி, பட்டி 2, ஹிகோ 2.