பாலன் பலனாகும் இடம்: தமிழ்க் கிறிஸ்துமஸ் பாட்டில் மெட்டும் மாத்திரையும்

தருமபுரிப் பக்கம் டிசம்பர் இரவில் கேரல் குழு வாசலுக்கு வந்து நின்றால், பத்து நிமிடத்துக்குள் மூன்று வகைப் பாட்டு காதில் விழும். மேனாட்டு மெட்டுகளைக் கொண்ட பாமாலைப் புத்தகத்திலிருந்து ஒன்று, கர்நாடக இசைக் கீர்த்தனை ஒன்று, யூடியூபில் கேட்டுப் பழகிய கவர் பாட்டு ஒன்று. டோலக் வாசிப்பவருக்கு மூன்றும் ஒரே நடைதான். ஆய்வாளர்களாகிய நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்: பாமாலை இறக்குமதி, கீர்த்தனை நம் மண், கவர் சந்தைச் சரக்கு. டோலக்காரர் பக்கம் நின்று இந்தப் பாகுபாட்டை மறுக்க விரும்புகிறேன். மெட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது சின்னக் கேள்வி. வந்த மெட்டு தமிழின் குறிலையும் நெடிலையும் என்ன செய்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1740-இல் வந்த ஃபப்ரீசியுஸ் போன்ற லுத்தரன் போதகர்கள் தங்கள் ஊர்ப் பாடல்களை மெட்டோடு தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆங்கிலப் பாட்டுகளும் அதே வழியில் வந்தன. ஆங்கிலப் பாட்டில் சுரம் அசையின் அழுத்தத்தைப் பார்த்து நீளும். தமிழில் நீளம் பொருளையே மாற்றிவிடும். கல் நீண்டால் கால். விடு நீண்டால் வீடு. கிறிஸ்தவத் தமிழில் 'பாடு' என்றாலே சிலுவைத் துன்பம்; 'படு'வைத் தவறான இடத்தில் நீட்டினால் இறையியல் வரை போய் உதைக்கும்.

ஆங்கில ஞானப்பாட்டின் பொது யாப்பு 8, 6, 8, 6 என்று அசை எண்ணிச் செல்வது. ஒவ்வொரு அடியும் மெலிந்த அசையில் தொடங்கி, அடுத்த அசையில் தாளம் விழும். நிலா, விழா போன்ற நிரையசைச் சொற்கள் அதில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வேண்டிய சொற்கள் எவை? பாலன், தேவன், மேய்ப்பர், வானோர், தூதர். எல்லாம் நெடிலில் தொடங்குபவை. தாளத்துக்கு முந்திய அந்தத் துண்டுச் சுரத்தில் 'பா' நெருக்குண்டு 'ப' ஆகிறது. அடுத்து வரும் 'லன்' நீண்டு நிற்கிறது. பாலன் பலனாகிறார். சபையார் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவதால் பொருள் தப்புகிறது. புத்தகம் இல்லாத வாசலில் தப்புவதில்லை.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், எந்த மேனாட்டு மெட்டு இங்கே ஊன்றியது என்பதற்கும் ஒரு விடை கிடைக்கிறது. யோசேப் மோர் எழுதி, ஃபிரான்ஸ் சேவியர் குரூபர் இசையமைத்து, 1818 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதலில் பாடப்பட்ட 'சைலண்ட் நைட்' நேராகத் தாளத்தின் மீதே, அதுவும் நீண்ட சுரத்தில் தொடங்குகிறது. நெடில் முதலாகிய தமிழ்ச் சொல்லுக்கு அங்கே நெருக்கடி இல்லை. 'ஜாய் டு த வேர்ல்ட்' இன்னும் வேடிக்கை: அதன் முதல் எட்டுச் சுரம் மேல் சட்ஜத்திலிருந்து கீழ்ச் சட்ஜத்துக்குப் படிப்படியாக இறங்கும் சங்கராபரண அவரோகணம். சரளிவரிசை கேட்ட காதுக்கு இதில் அந்நியம் என்ன இருக்கிறது?

முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுக்குச் சொல் பொருத்துவதை 200 ஆண்டுக்கு முன்பே பரிசோதித்துவிட்டார். கம்பெனிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் கட்டிய நோட்டுஸ்வர சாகித்தியங்கள் ஏறத்தாழ 40. பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டும் அவற்றில் உண்டு. வடமொழிக்கும் குறில் நெடில் உண்டு. ஆனால் அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மெட்டின் நீட்டல் குறுக்கலுக்கு ஏற்ற சொல்லைத் தேடி, புதிதாகத் துதி பாடினார். போதகர்களுக்கு அந்த வசதி இல்லை. லூத்தர் சொன்னதைச் சொல்லியாக வேண்டும், அதுவும் லூத்தர் பாடிய மெட்டிலேயே. பொருளுக்கும் மெட்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டதுதான் பாமாலையின் சிக்கல். ஐரோப்பாவில் பிறந்ததை அதன் குற்றமாகச் சொல்ல முடியாது.

தீட்சிதரின் காலத்தவரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்று, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாட்டுகளே அதற்கு முக்கிய ஊற்று. கீர்த்தனையே மண்ணின் இசை என்ற முடிவு அங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. ஆனால் 1820-களின் இறுதியில் புதிய மிஷனரிகளோடு சாஸ்திரியார் மோதியபோது வைத்த குறைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வழிபாட்டில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள் என்பது ஒரு குறை. நற்கருணையில் சாதிகளை ஒன்றாகக் கலக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மூச்சில் வந்தவை. பின்னாளில், பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு மதுரை இறையியல் கல்லூரியிலிருந்து கர்நாடக இசைக் கீர்த்தனையை மேல்சாதி ஓசை என்று விமர்சித்து, நாட்டுப்புற மெட்டைக் கையிலெடுத்ததற்குக் காரணம் இந்த வரலாறு. அவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கலாம்: கீர்த்தனை குறில் நெடிலைக் காப்பாற்றியது, அதனால்தான் அதைப் பழித்தவர்களாலும் மறக்க முடியவில்லை.

தருமபுரி இந்த வாதத்துக்கு நல்ல களம். இங்கே தஞ்சை அரண்மனை இல்லை. லண்டன் மிஷன் 1827-இல் சேலத்துக்கு வந்தது. 1965 வரை தருமபுரி அந்தச் சேலம் மாவட்டத்தின் பகுதி. கத்தோலிக்கருக்குத் தனி மறைமாவட்டம் 1997-இல்தான். ஆக, பாட்டு இங்கே அச்சாகவும் கேசட்டாகவும் பிறகு கைபேசியாகவும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. வந்து விழுந்த காது மட்டும் உள்ளூர்க் காது: பாரதக்கூத்தில் விடிய விடியத் தருவும் விருத்தமும் கேட்ட காது. கூத்தில் சொல் விளங்காவிட்டால் கதை நின்றுவிடும். ஈரோட்டில் பணியாற்றி, 1921-இல் இந்திய இசை பற்றிய நூலை எழுதிய லண்டன் மிஷன் போதகர் ஹெர்பர்ட் பாப்ளி, இசைவழி ஊழியத்துக்குக் காலட்சேப வடிவத்தை நாடியதும் இதை உணர்ந்துதான் என்று கொள்ளலாம்.

கேசட் வழியாக வந்த குரல்களுக்கு வருவோம். பி. சுசீலா, ஜிக்கி, எஸ். பி. பாலசுப்ரமணியம் என்று சினிமாப் பாடகர்கள் பலர் கிறிஸ்தவப் பாட்டு பாடிப் பதிவு செய்தார்கள். வேற்றுச் சமயத்தவர் காசுக்குப் பாடினார் என்ற முணுமுணுப்பு எப்போதும் உண்டு. என் காதுக்கு அவர்கள் செய்த உபகாரம் வேறு. நீண்ட சுரத்தில் குறில் வந்து மாட்டினால், பயிற்சியுள்ள பாடகர் உயிரைச் சட்டென்று முடித்து, அடுத்த மெய்யில் நின்று, மிச்சத்தை வயலினுக்கு விட்டுவிடுவார். பாமாலையின் பழைய நோய்க்கு மைக் முன்னால் கண்ட மருந்து அது.

ஜப்பானியரும் இதே இடத்தில் சிக்கியவர்கள்தான். ஜப்பானியத்திலும் நெடில் பொருளை மாற்றும்: ஒபசான் அத்தை, ஒபாசான் பாட்டி. 'சைலண்ட் நைட்'டை யூகி கோ என்ற போதகர் ஜப்பானியமாக்கினார். அது அங்கே ஊன்றிவிட்டது. அப்படியிருந்தும் பாடகர் தட்சுரோ யமாஷிதா 1993-இல் 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்ற தொகுப்பில் பழைய அமெரிக்கப் பாடல்களோடு கிறிஸ்துமஸ் பாட்டுகள் சிலவற்றையும் சேர்த்தபோது ஆங்கிலத்திலேயே பாடினார். கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள நாட்டில் கிறிஸ்துமஸ் பாட்டின் சொல் விளங்க வேண்டிய அவசியம் குறைவு, ஓசை போதும். தருமபுரியிலும் கிறிஸ்தவர் சிறுபான்மைதான். ஆனால் கேரல் குழு நிற்கும் வாசல் சொல்லைக் கேட்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கள் உட்பட.

அதனால் குழுத் தலைவர் தன்னையறியாமல் ஒரு திருத்தம் செய்கிறார். பாமாலை வரியின் அந்தத் துண்டுச் சுரத்தை விட்டுவிட்டு, 'பாலன்' என்ற சொல்லைத் தாளத்தின் மீது ஓர் அடி தள்ளி எடுக்கிறார். கீபோர்டுக்காரர் புத்தகப்படி முன்னால் போய்விடுகிறார். டோலக் தலைவரோடு போகிறது. இரண்டாம் வரியில் கீபோர்டு காத்திருக்கிறது.