ஓரியூரில் மீறப்பட்ட ஆணை

உயிர் போகும் நிலையில் எக்கட்டளையை மீறலாம், எதை மீறலாகாது? யூத மறைநூலறிஞர் லித்தா நகரில் ஒரு வீட்டின் மாடியறையில் கூடி இவ்வினாவை ஆய்ந்ததாகத் தால்முது கூறும். உரோமைப் பேரரசன் அதிரியான் காலத்தை ஒட்டியது இது என்பர். கட்டளைகள் மனிதன் வாழ்வதற்கே தரப்பட்டன என்னும் லேவியர் நூலின் கருத்தே (18:5) அவர்களுக்கு அடிப்படை. ஆகவே உயிர் காக்க ஏனைய கட்டளைகளை மீறலாம். சிலைவழிபாடு, முறைகேடான உறவு, கொலை ஆகிய மூன்றைச் செய்வதினும் சாவதே மேல் எனத் தீர்ப்பிட்டனர். ஆனால் மறையையே ஒழிக்க அரசாணை பிறந்த காலத்திலோ, மிதியடி வாரைக் கட்டும் வழக்கத்தைக்கூட விட்டுக்கொடுக்கலாகாது என்றனர்.

இத்தீர்ப்புக்கும் முன்னோடி உண்டு. ஓய்வுநாளில் போரிட மறுத்து ஏறத்தாழ ஆயிரம் பேர் மடிந்தபின், அந்நாளிலும் எதிர்த்துப் போரிடலாம் என்று மத்தத்தியா குழுவினர் முடிவு செய்ததை மக்கபேயர் முதல் நூலில் காண்கிறோம். தொண்ணூறு வயது எலயாசரோ, பன்றி இறைச்சியை உண்பதுபோல் நடிக்கவும் மறுத்து உயிர்விட்டார்.

இவ்வினா நம் மறவர் சீமையிலும் எழுந்தது. மாரியூர்க் கடற்கரையும் ஓரியூரும் அன்று கிழவன் சேதுபதியின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. 1686இல் சிறைப்பட்டு வதைக்கப்பட்ட அருளானந்தர், இந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற ஆணையுடன் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்று 1690இல் திரும்பியவர் மீண்டும் மறவர் நாட்டிலேயே போதித்தார். போதித்தல் லித்தாவின் மூன்று கட்டளைகளுள் அடங்காது. வேறு சீமையில் பணியாற்றி அவர் பிழைத்திருக்கலாம். எனினும் மறையைத் தடுக்கும் அரசாணை முன் சிறியது பெரியது இல்லை என்ற இரண்டாம் விதியே அவருக்குப் பொருந்துவதாக நாம் கருதுகிறோம். அரசாணையை மீறித் திருச்சட்டத்தைக் கற்பித்ததற்காகவே ரபி அக்கிபாவும் கொல்லப்பட்டார்.

தடியத்தேவரின் நிலை வேறு. திருமுழுக்குப் பெற முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களுள் இளையவள் சேதுபதியின் உறவினள். அவளது முறையீடே அருளானந்தரை 1693 பிப்ரவரி 4இல் ஓரியூர்க் கொலைக்களத்தில் நிறுத்தியது. நம் மேடைகள் அவளைக் கொடியவளாகக் காட்டிப் பழகிவிட்டன. அது முழு நீதியன்று. தேவர் கட்டளைக்குப் பணிந்தார். இழப்பில் பெரும்பங்கு அவளுக்கும் அவளைப் போன்ற பிற மனைவியருக்கும் வந்தது. விலக்கப்படும் மனைவிக்கு உரிய தொகையை மண உடன்படிக்கையிலேயே எழுதிவைக்கும்படி யூத அறிஞர் அன்றே விதித்திருந்தனர்.