எண்களில் எழுந்த கதை உலகம்

விளையாட்டைக் காண்பவன் வெறும் பார்வையாளன் என்று பலர் கருதுவர். ஆனால் ரசிகன் கண்ணால் கண்டதோடு அமைவதில்லை. காணாததையும் தன் மனத்தால் படைத்துக்கொள்கிறான். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டமும் அதனைச் சார்ந்து எழுந்த இலக்கியமும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படும் இந்த ஆட்டம், 19ஆம் நூற்றாண்டிலேயே எண்களோடு நெருங்கிய உறவு பூண்டது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆற்றிய செயலை எண்களாக்கிப் பட்டியலிட்டு நாளிதழில் வெளியிடும் முறையை ஹென்றி சாட்விக் என்னும் செய்தியாளர் வளர்த்தார். மைதானத்திற்குச் செல்ல இயலாதவரும் அவ்வெண்களைக் கொண்டு ஆட்டத்தை மனக்கண்ணால் கண்டனர். எண்ணிலிருந்து நடந்த ஆட்டத்தை மீட்டுக் காணலாம் என்றால், எண்ணைக் கொண்டு நடவாத ஆட்டத்தையும் படைக்கலாமன்றோ?

அவ்வாறு படைத்தவர்களுள் ஒருவர் ஜாக் கெருவாக். 1922இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் பிறந்த இவர், இளமையிலேயே ஒரு பேஸ்பால் கழகத்தைக் கற்பனையில் நிறுவினார். அணிகளும் ஆட்டக்காரரும் அவர் படைப்பே. சீட்டுகளைக் கொண்டு ஆட்டங்களை நடத்தி, முடிவுகளைக் குறித்து, அவற்றைப் பற்றிய செய்தி இதழையும் தாமே எழுதினார். 1957இல் 'ஆன் த ரோட்' நாவலால் அவர் புகழ் பெற்றார். அவருடைய இவ்விளையாட்டு ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வு நூல் 2009இல் வெளிவந்தது.

மற்றொரு வகையான விளையாட்டு அறிஞர்களிடையே தோன்றியது. 1960இல் சமூகவியலாளர் வில்லியம் காம்சனும் அவர் நண்பர்களும், உண்மையான ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்தால் ஏலம் எடுத்துத் தத்தம் அணிகளை அமைத்தனர். அவ்வாட்டக்காரர்கள் மைதானத்தில் பெற்ற எண்களே இவர்களுடைய வெற்றி தோல்வியை முடிவு செய்தன. இவ்வழியில், 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் ஓர் உணவகத்தின் பெயரால் 'ரோட்டிசரி' கழகத்தைத் தொடங்கினர். இன்று உலகெங்கும் பரவியுள்ள கற்பனை அணி விளையாட்டின் முன்னோடி இதுவே.

ரசிகர் உலகம் ஆராயத்தக்க பொருளா என ஐயுற்றோரும் உண்டு. 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ் வெளியிட்ட ஆய்வு நூல், ரசிகர்கள் பிறர் தந்ததை வாங்கிக்கொள்வோர் மட்டுமல்லர். அதிலிருந்து புதியன ஆக்குவோருமாவர் என்று நிலைநாட்டியது.

எனினும் இவ்வாக்கத்தின் இன்பத்தோடு இடரையும் ஆழ்ந்து காட்டிய பெருமை ராபர்ட் கூவருக்கு உரியது. 1968இல் வெளிவந்த அவருடைய பேஸ்பால் நாவலின் தலைவர் ஹென்றி வாஹ், தனிமையில் வாழும் ஒரு கணக்கர். இரவுதோறும் மூன்று பகடைகளை உருட்டித் தம் கற்பனைக் கழகத்தின் ஆட்டங்களை நடத்துகிறார். டேமன் ரதர்ஃபோர்ட் என்னும் இளம் பந்தெறிவாளர் அதில் அரிய வெற்றி பெறும்போது, படைத்தவர் உள்ளம் தந்தையைப்போல் பூரிக்கிறது. பின்னொரு நாள் பகடைகள் தீய எண்ணையே மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. விதிப்பட்டியலின்படி, பந்து தாக்கி அவ்விளைஞர் மாண்டாக வேண்டும்!

விதியை மீறினால் அவ்வுலகம் பொய்யாகும்; காத்தால் அன்பிற்குரியவன் அழிவான். வாஹ் முதலில் விதிக்குப் பணிகிறார். பின்னர்த் துயரம் மேலிட்டு, பழிவாங்கும் பொருட்டுப் பகடையைத் தம் கையாலேயே திருப்பி வைக்கிறார். அவருடைய அலுவலும் நட்பும் சிதைகின்றன. அவர் பெயரின் முதலெழுத்துகளில் 'யெகோவா' என்னும் இறைப்பெயரின் எதிரொலியைக் காணும் ஆய்வாளர்கள், படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவையே இந்நாவல் ஆராய்கிறது என்பர்.

மாணவர்களே, சாட்விக்கின் பட்டியல் முதல் கூவரின் நாவல் வரை ஓர் உண்மை தொடர்ந்து வருகிறது. உயிரற்ற எண்ணுக்கும் மனிதனின் கற்பனை உயிர் ஊட்ட வல்லது. அவ்வாறு உயிர் ஊட்டியவன், தன் படைப்புக்குத் தானே அடிமையாகாதிருக்கும் உறுதியும் பெறவேண்டும்.